சாரத்து மடிக்கு ஒரு துண்டு இரும்பு: பழைய அரத்திலிருந்து பாக்கெட் கருவி செய்யும் முழு வழிகாட்டி

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம், மீதிப் பேர் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம். டூல்ஸ் பை எப்போதும் வண்டியில் இருக்கும். ஆனால் வண்டி நிற்கிற இடத்தில் சோலி வராது. மொட்டை மாடியில் டேங்க் பக்கத்தில் நிற்கும்போதுதான் ஒரே ஒரு ஸ்க்ரூ ஆடும், அதற்காக இரண்டு மாடி இறங்கிப் போய் மறுபடி ஏறி வர வேண்டும். அந்தப் படிகளை மிச்சம் பிடிக்கத்தான் இதைச் செய்யத் தொடங்கினேன். முதலில் செய்தது உடைந்தது, இரண்டாவது முறுக்கிக்கொண்டது, மூன்றாவது ஒன்றரை வருஷமாக என்னோடு கிடக்கிறது. அந்த மூன்றாவதை எப்படிச் செய்வது என்பதைத்தான், மற்ற இரண்டும் ஏன் ஊத்திக்கொண்டன என்பதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

கருவி இவ்வளவுதான்: 95 மில்லிமீட்டர் நீளம், 18 அகலம், 3 கனம், எடை சுமார் 35 கிராம். முன்னால் தட்டை ஸ்க்ரூடிரைவர் முனை. அதற்குப் பின்னால் பக்கவாட்டில் சுரண்டுவதற்கு மழுக்காமல் விட்ட ஒரு விளிம்பு. நடுவில் நூல் சுற்றிய பிடி. பின்னால் 10 மில்லிமீட்டர் போல்ட் தலைக்கு ஓர் அறுகோணத் துளை, கடைசியில் கயிறு கட்ட ஒரு சின்னத் துளை. கத்தி இல்லை, பாட்டில் ஓப்பனரும் இல்லை.

இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

இரும்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள், அல்லது போனிலேயே எழுதுங்கள். "ச்சே, கையில் ஒண்ணு இருந்திருந்தா" என்று தோன்றுகிற ஒவ்வொரு முறையும் என்ன வேலை, எந்த இடம், எதை வைத்துச் சமாளித்தீர்கள் என்று ஒரு வரி. சாவியை வைத்து நெம்பினேன், பல்லால் கடித்தேன், ஐந்து ரூபாய் நாணயத்தால் திருகினேன், இப்படி. இந்த மூன்றாவது விஷயம்தான் முக்கியம், ஏனென்றால் உங்கள் கை எந்த வடிவத்தைத் தேடுகிறது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

என் நோட்டில் முதலில் வந்தது தட்டை ஸ்க்ரூ. அடுத்து சுரண்டல்: மோட்டார் காயில் கம்பியின் மேலிருக்கும் வார்னிஷ் பூச்சு, பி.வி.சி. பைப் வாயில் நிற்கும் பிசிறு, காய்ந்துபோன எம்-சீல். மூன்றாவது எம்6 போல்ட், அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன் போல்ட். அதன் தலை 10 மில்லிமீட்டர், பைக்கிலும் சரி மோட்டார் காற்றாடி மூடியிலும் சரி, கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அதுவே உட்கார்ந்திருக்கும். பாட்டில் திறக்க வேண்டும் என்று இரண்டு வாரத்தில் ஒரு முறைகூட எழுதவில்லை. ஆனாலும் பாக்கெட் கருவி என்றாலே ஆளாளுக்கு முதலில் வரைவது பாட்டில் ஓப்பனர்தான், நானும் முதல் முறை அதைத்தான் வரைந்தேன். நோட்டில் மூன்று தடவைக்குக் குறைவாக வந்த எதையும் கருவியில் சேர்க்காதீர்கள். நாலாவது வேலை, ஐந்தாவது வேலை என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் மற்றதன் இடத்தைத் தின்னும், கடைசியில் கனம் கூடி அது வீட்டு மேஜையில் தங்கிவிடும்.

எங்கே வைக்கப் போகிறீர்கள்

இதை யாரும் யோசிப்பதில்லை. நான் வெளியே போகும்போது பேன்ட், வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் சாரம், அதாவது லுங்கி. சாரத்துக்குப் பாக்கெட் கிடையாது, இடுப்பில் சுருட்டிய மடிதான். மடியில் வைக்கிற பொருள் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும், குத்த வைத்து உட்காரும்போது மேல் முனை விலாவுக்கும் கீழ் முனை தொடைக்கும் போகும். 120 மில்லிமீட்டர் நீளத்தில் செய்தது உட்காரும்போதெல்லாம் குத்தியது. 95-க்கு இறக்கிய பிறகு அது இருக்கிறதே தெரியவில்லை. சட்டைப் பாக்கெட் வேண்டவே வேண்டாம். தொட்டிக்குள் குனிந்து பாருங்கள், போனுக்கு முன்னால் அது விழும்.

மூலைகள் நாலும் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆரத்தில் உருண்டு இருக்க வேண்டும், முனை ஏதாவது உறைக்குள் மறைய வேண்டும். இல்லாவிட்டால் முதலில் துணி கிழியும், அப்புறம் தோல்.

அட்டை, பிறகு பிளைவுட்

கல்யாணக் கார்டு இதற்கு நல்ல பொருள், விறைப்பாக இருக்கும், வீட்டில் எப்போதும் பத்து கிடக்கும். நாலைந்து வடிவம் வெட்டி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ திருகுகிற மாதிரி பிடிக்கும்போது பின்பக்கம் உள்ளங்கைக் குழியில் போய் உட்கார வேண்டும். குட்டையாக இருந்தால் முனைக்கு அழுத்தம் கிடைக்காது, ரொம்ப ஒல்லியாக இருந்தால் திருகும்போது விரலுக்குள் சுழன்றுவிடும். என் கைக்கு 18 அகலம் சரியாக இருந்தது, உங்கள் கைக்கு 16 போதுமாக இருக்கலாம்.

அட்டையில் பிடித்த வடிவத்தை 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு வாரம் மடியில் வைத்துக்கொண்டு திரியுங்கள். வேலை செய்யாத மரத்துண்டை எதற்குச் சுமக்க வேண்டும் என்று தோன்றும். என் வீட்டில் சிரித்தார்கள். ஆனால் 120 அதிகம் என்பதை எனக்குச் சொன்னது அந்த மரத்துண்டுதான், முதல் இரண்டு முறையும் இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் எனக்கு அது தெரியாமல் போனது.

எந்த இரும்பு

பழைய தட்டை அரம் ஒன்று, எட்டு அங்குலத்துக்குக் குறையாமல், பல் மழுங்கியதாக. ஆக்ரிக் கடையில் எடைக்குக் கிடைக்கும். ஆக்ரி என்றால் பழைய இரும்புச் சாமான். 1956 நவம்பர் 1-ல் எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, ஆனால் இந்த மாதிரி சொற்கள் கூடவே வந்துவிட்டன.

அரம் ஏன் என்றால் அதில் கரி அதிகம், நல்ல அரத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் கார்பன் இருக்கும், அதனால் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் கெட்டிப்படும். பிறகு சூட்டை வைத்தே நமக்கு வேண்டிய அளவுக்குப் பதத்தை, அதாவது அந்தக் கெட்டியை, இறக்கிக்கொள்ளலாம். விலை மலிந்த அரங்களில் சில உள்ளே சாதா இரும்பு, மேல்தோல் மட்டும் கெட்டி. கிரைண்டரில் ஒரு ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். நல்ல அரத்தின் பொறி கிட்டத்திலேயே மத்தாப்பு மாதிரி கிளைகிளையாக வெடிக்கும். சாதா இரும்பின் பொறி நீளக் கோடாக ஓடி, வெடிப்பு குறைவாக இருக்கும். மேல்தோலைத் தாண்டிக் கொஞ்சம் ஆழமாகத் தேய்த்துப் பார்த்தால்தான் ஏமாற மாட்டீர்கள்.

துருப்பிடிக்காத ஸ்டீலில் செய்தால் என்ன? நானும் கேட்டேன், கேட்டு இரண்டாவதை 304 என்ற ஸ்டெயின்லெஸ் வகைப் பட்டையில் செய்தேன். மழைக்கும் வியர்வைக்கும் அது அசையவில்லை, ஆனால் இறுகிப்போன ஒரு ஸ்க்ரூவில் முனை கரும்புத் தோகை மாதிரி முறுக்கிக்கொண்டது. 304-ஐ சூடாக்கித் தோய்த்துக் கெட்டிப்படுத்த முடியாது, அதன் இயல்பு அப்படி. கெட்டிப்படுகிற ஸ்டெயின்லெஸ் வகைகளும் உண்டு, ஆனால் அவற்றுக்கு ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூடு அளவாக வேண்டும், சிரட்டைக் கரியில், அதாவது தேங்காய் ஓட்டுக் கரியில், அதைப் பிடிப்பது நம்மால் ஆகாத காரியம். லாரி ஸ்பிரிங்கின் வில் பட்டை நல்ல உருக்குதான், ஆனால் அதைத் தேய்த்து 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவதற்குள் கிரைண்டர் தட்டும் நம் பொறுமையும் தேய்ந்துவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: துத்தநாகம் பூசிய இரும்பை, அதாவது ஜி.ஐ. பட்டையையோ பைப்பையோ, நெருப்பில் போடாதீர்கள். அந்தப் புகை குளிர் காய்ச்சல் மாதிரி ஆளைப் படுக்க வைக்கும்.

இளக்குவது

அரம் அப்படியே அறுபடாது, முதலில் இளக்க வேண்டும். முற்றத்தில் செங்கல் நாலு அடுக்கி, சிரட்டைக் கரி போட்டு, கீழே ஒரு பைப் வழியாகப் பழைய ஹேர் டிரையரின் காற்றைக் குளிர்ந்த நிலையில் விட்டால் போதும். வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ செய்யாதீர்கள். கரிப்புகையில் வாசனை இல்லாத விஷம் இருக்கிறது.

அரம் சிவந்து, காந்தம் ஒட்டாத நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு இணங்காமல் போகும், இதைவிட மலிவான வெப்பமானி கிடையாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு கம்பியில் கட்டித் தொட்டுப் பார்க்கலாம். ஒட்டவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் விட்டு, எடுத்து, ஒரு வாளி உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எடுத்தால் ஹேக்ஸா பிளேடு கடிக்கும்.

அறுப்பது, தேய்ப்பது

இளகிய அரத்தின் பல்லை இரண்டு பக்கமும் முழுக்கத் தேய்த்து எடுங்கள். ஒரு பல்லின் தடம்கூட மிஞ்சக் கூடாது, மிஞ்சிய இடத்தில்தான் பின்னால் விரிசல் தொடங்கும். கனம் 3.2-க்கு இறங்கும்வரை கிரைண்டர், அதற்குப் பிறகு கையரம். மார்க்கர் பேனாவால் ஒரு முகம் முழுக்கக் கறுப்படித்து, பிளைவுட் மாதிரியை வைத்து, கூர்மையாக்கிய ஆணியால் கீறுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மீதியை அரத்தால் கொண்டுவர வேண்டும். அரம் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அரப்பொடி அடைக்காது.

துளைகளை வெளி வடிவம் முடிப்பதற்கு முன்னாலேயே போடுங்கள், அப்போதுதான் வைஸில், அதாவது மேஜை இடுக்கியில், பிடிக்க இடம் இருக்கும். பின் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டரில் கயிற்றுத் துளையின் மையம், துளை 4 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டரில் அறுகோணத்தின் மையம். இரண்டையும் இதைவிட நெருக்கினால் நடுவில் நிற்கிற சுவர் மெலிந்துவிடும். சென்டர் பஞ்சால் மையத்தில் சின்னக் குழி அடித்து, 3 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர், கடைசியில் 9.8 என்று படிப்படியாகத் துளையுங்கள். பெரிய பிட்டை நிமிடத்துக்கு 500 சுற்றுக்குள் ஓட்டி, தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டே இருங்கள். கை டிரில்லை முழு வேகத்தில் விட்டால் பிட்டின் முனை நீலமாகிச் செத்துவிடும்.

இனி அந்த வட்டத்தை அறுகோணமாக்குவது. எனக்கு இதில் ஒரு மாலை முழுக்கப் போனது, உண்மையைச் சொன்னால் இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த மாலை அதுதான். 10 மில்லிமீட்டர் அறுகோணத்தில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 10, எதிரெதிர் மூலைகளுக்கு நடுவே 11.5-க்குக் கொஞ்சம் மேல். அதாவது வட்டம் ஏற்கெனவே எல்லாப் பக்கங்களையும் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது, நாம் எடுக்க வேண்டியது ஆறு மூலைகளில் ஒட்டியிருக்கும் சின்னப் பிறைகளை மட்டும். மெல்லிய முக்கோண அரத்தை எடுத்து, ஒரு எம்6 போல்ட்டை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைக்கு மார்க்கரால் மை பூசி, துளையில் வைத்து லேசாக அழுத்தித் திருப்பி எடுங்கள். எங்கே மை ஒட்டியதோ அங்கே மட்டும் இரண்டு இழு. மறுபடி மை, மறுபடி வைத்துப் பார்ப்பது. எதிரெதிர் மூலைகளாக மாறி மாறிப் போங்கள், ஒரே பக்கமாகத் தேய்த்தால் மையம் நகர்ந்துவிடும். நாற்பதாவது தடவையோ என்னவோ போல்ட் தலை டக்கென்று உள்ளே இறங்கும், அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இறுக்கமாக இருக்கிறதே என்று இன்னும் பத்து இழு இழுத்தால் பிறகு போல்ட் தலையை மழுக்கிக்கொண்டே இருக்கும். 10.2 போதும். உள்மூலைகளைக் கத்தி மாதிரி கூராக விடாதீர்கள், எமரித் தாளைச் சுருட்டி லேசாக மழுக்குங்கள். காரணம் அடுத்த பகுதியில் வரும்.

முன்முனை 18 அகலத்திலிருந்து 15 மில்லிமீட்டர் தூரத்தில் 5.5-க்குக் குறுக வேண்டும், கனம் 1 மில்லிமீட்டர். இந்த 5.5-க்கு 1 என்பது கடையில் விற்கிற ஸ்க்ரூடிரைவர்களின் நிலையான அளவுகளில் ஒன்று. பெரும்பாலானோர் இங்கே உளி மாதிரி சரித்து விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அது ஸ்க்ரூ பள்ளத்திலிருந்து மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கும். கடைசி 3 மில்லிமீட்டரில் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். நெம்புவதற்கும் இதே முனைதான். சுவிட்ச் தட்டு, பெயின்ட் டப்பா மூடி, ஸ்டேப்பிள் பின் வரைக்கும் தாராளமாகப் போகலாம், டயர் கழற்ற நினைக்காதீர்கள்.

சுரண்டும் விளிம்புக்குக் கூர் வைக்கத் தேவையில்லை. முகமும் பக்கமும் 90 டிகிரியில் சந்திக்கிற அந்த மூலை சுத்தமாக இருந்தாலே வார்னிஷை முடி முடியாக எடுக்கும். மற்ற எல்லா ஓரங்களையும் மழுக்கி, இந்த 20 மில்லிமீட்டரை மட்டும் அப்படியே விடுங்கள். சென்டிமீட்டர் கோடு வேண்டுமென்றால் எல்லாம் முடிந்த பிறகு லேசாகக் கீறிக்கொள்ளலாம், தோய்ப்பதற்கு முன் அரத்தால் வெட்டாதீர்கள்.

தோய்ச்சல்

முதல் கருவி இங்கேதான் போனது. சூடு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளாகும்வரை ஊதினேன். எண்ணெயில் போட்டதும் சீறியது, அரம் வழுக்கியது, பிரமாதம் என்று ஜன்னல் படியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கை தவறிச் சிமென்ட் படியில் விழுந்தது. அப்பளம் மாதிரி இரண்டாக, சரியாக அறுகோணத்தின் மூலையில்.

அந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு, ரப்பர் வெட்டும் கத்தியும் வெட்டுக்கத்தியும் அடிக்கிற ஒரு பாட்டாவின் பட்டறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உடைந்த இடத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மினுங்குது பாத்தியா மக்கா. ரவை மாதிரி இருக்கு. சூடு கூடிப் போச்சு."

"எப்படி இருக்கணும் பாட்டா?"

"கோலமாவு மாதிரி இருக்கணும். மினுக்கம் இருக்கப்பிடாது."

விஷயம் அதுதான். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் உருக்கின் உள்மணிகள் பெரிதாகிவிடும், பெரிய மணிகளுக்கு நடுவே விரிசல் சுலபமாக ஓடும். மூலை கூராக இருந்தால் அந்த விரிசலுக்கு நாமே வாசல் திறந்து வைத்த மாதிரி. இதற்காகவே மிஞ்சிய அரத்தில் சின்னத் துண்டு ஒன்றை முதலில் தோய்த்து, வைஸில் வைத்துத் துணி போட்டு மூடி, கண்ணாடி அணிந்துகொண்டு, சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கிய சாம்பல் நிறமாக, பட்டுப்போல இருந்தால் அந்தச் சூடு சரி, கருவிக்கும் அதே சூடு. ரவையாக மினுங்கினால் குறையுங்கள்.

இருட்டத் தொடங்குகிற நேரத்தில் செய்யுங்கள், வெயிலில் சிவப்பின் அளவு தெரியாது. ஒரு லிட்டர் எண்ணெய், கருவி நட்டுக்குத்தாக மூழ்குகிற ஆழமான இரும்புப் பாத்திரம், அதற்குப் பொருந்துகிற இரும்பு மூடி. சமையலுக்கு ஆகாமல் காறிப்போன தேங்காய் எண்ணெயே போதும். 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையவே தொடங்கிவிடும். எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல். தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீரில் நேரடியாகத் தோய்ப்பதும் வேண்டாம், இவ்வளவு மெல்லிய, துளை போட்ட துண்டு அதில் பிளக்கும்.

மெல்லிய முனை முதலில் சிவந்துவிடும், அதனால் பின்பக்கத்தைக் கரிக்குள் விட்டு, முனையைக் கடைசியில் உள்ளே தள்ளுங்கள். காந்தம் ஒட்டாமல் போனதும், முழுத் துண்டும் ஒரே சிவப்பாக ஒரு நிமிடம். சிவப்பென்றால் பழுத்த தக்காளியின் சிவப்பு, ஆரஞ்சு இல்லை. பாட்டா பக்கத்தில் நின்று "காணாது, காணாது (போதாது என்று அர்த்தம்), ஆங், இப்ப எடு" என்று சொன்ன நிறத்தை நான் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன். குறட்டால் எடுத்து நேராகச் செங்குத்தாக இறக்குங்கள், மேலும் கீழும் அசைக்கலாம், பக்கவாட்டில் ஆட்டினால் வளைந்துவிடும். பதினைந்து எண்ணுங்கள். வெளியே எடுத்து ஆறியதும் நல்ல அரத்தை ஓரத்தில் வைத்துத் தேய்த்தால் கடிக்காமல் வழுக்க வேண்டும்.

பதம் இறக்குவது, அதே இரவில்

இப்போது அது கண்ணாடி. தூங்கப் போகாதீர்கள். எமரியால் இரண்டு முகத்தையும் பளபளவென்று தேய்த்து, கைரேகை எண்ணெய்கூட இல்லாமல் துடைத்து, ஓ.டி.ஜி. என்கிற மின்சார அவனில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு மணி நேரம். ஓ.டி.ஜி. இல்லையென்றால் கேஸ் அடுப்பில் கனமான தோசைக்கல்லை வைத்து, மேலே மணல் பரப்பி, மணலில் கருவியைப் படுக்க வைத்துச் சிறு தீயில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தோசைக்கல் யாருடையது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நிறம் மெல்ல ஏறும். 220, 230-ல் வெளிர் வைக்கோல், 250-ஐ ஒட்டி அடர்ந்த வைக்கோல், 260-ல் பழுப்பு, 280-ல் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். வைக்கோல் பக்கம் கெட்டி அதிகம், நீலத்தின் பக்கம் கெட்டி குறைந்து தாங்கும் திறன் கூடும். சுரண்டும் விளிம்புக்கு அடர்ந்த வைக்கோலோடு நிறுத்திவிட வேண்டும். திருகுகிற முனைக்கும் அறுகோணத்துக்கும் நீலம் வேண்டும், இல்லையென்றால் அவை சில்லாகத் தெறிக்கும். இரண்டையும் ஒரே துண்டில் எப்படிக் கொண்டுவருவது என்றால், முழுவதையும் வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்த பிறகு, சுரண்டும் பகுதியை ஈரத் துணியில் சுற்றி வைஸில் பிடித்து, சின்ன கேஸ் டார்ச்சால் முனையை மட்டும் சூடாக்குங்கள். பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக நகர்ந்து வரும். முனை நீலமானதும் தீயை எடுத்துவிடுங்கள். பிறகு திருப்பிப் பிடித்து அறுகோணப் பக்கத்துக்கும் அதே. நீலம் தாண்டி வெளிறிய சாம்பல் வந்துவிட்டால் பதம் போய்விட்டது, மறுபடி தோய்ப்பதிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

துரு, நூல், உறை

எங்களுக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் வியர்வை. அரத்து உருக்கு ஒரே இரவில் துருப்பிடிக்கும். பெயின்ட் உரியும். நான் செய்தது கடுந்தேநீர். நாலைந்து கரண்டித் தேயிலையைக் கொதிக்க வைத்து, கால் பங்கு வினிகர் சேர்த்து, எண்ணெய்ப் பசை போகச் சோப்பால் கழுவிய கருவியை இரவு முழுக்க அதில் போட்டு வைத்தேன். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படியும். காலையில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய். கறுப்பு வந்துவிட்டதென்று துரு வராமல் போகாது, தாமதமாக வரும், வந்தாலும் மேலோடு நிற்கும். தேங்காய் எண்ணெய் பூசி வைக்காதீர்கள், நாளானால் பிசுபிசுத்து மடித்துணியின் பஞ்சையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

பிடிக்குத் தேங்காப்பட்டணத்தில் வாங்கிய நைலான் வலைநூல். நடுவில் 30 மில்லிமீட்டருக்கு நெருக்கமாகச் சுற்றி, கடைசிக் கண்ணியை உள்ளே இழுத்து, முனையைத் தீக்குச்சியால் உருக்கினால் முடிந்தது. உறைக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு, ஒரு வாயை ஒட்டியோ தைத்தோ மூடிவிட்டால் முனை உள்ளே இறுக்கமாக நிற்கும். துணியில் வழுக்காது என்பது கூடுதல் லாபம்.

எங்கே பயன்படுத்தக் கூடாது

அந்த 304 கருவி முறுக்கிக்கொண்டதற்கு முன்பே என்னைப் பயமுறுத்தியது. ஒரு வீட்டில் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியின் மேல் குனிந்து ஒரு முனையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், மறுமுனை எதிர்த் துருவத்தைத் தொட்டுவிட்டது. ஒரு வெள்ளை வெளிச்சம், ஒரு சத்தம், கையில் சூடு. ஓரத்தில் அரிசியளவு இரும்பு உருகிப் போயிருந்தது. 12 வோல்ட்தானே என்று நினைக்கிறோம், குறுக்குச் சுற்று ஆனால் அதிலிருந்து நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வேறு இருக்கும். இப்போது எதிர்முனைக் கம்பியை, மைனஸை, பையிலிருக்கிற இன்சுலேஷன் சுற்றிய ஸ்பேனரால் முதலில் கழற்றி வைத்த பிறகுதான் சுரண்டல், அதுவும் கழற்றி எடுத்த கிளாம்பை மட்டும். கரண்ட் உள்ள எதிலும் இந்தக் கருவி கூடாது. வலைநூல் இன்சுலேஷன் கிடையாது, ஈரமானால் கம்பியும் அதுவும் ஒன்றுதான்.

பாறசாலையில் ஒரு கடைக்காரர் இதை மேஜையில் பார்த்துவிட்டு "இது எந்தா சாதனம்?" என்று கேட்டார். ஸ்பேனர் என்றேன், போல்ட்டில் மாட்டிக் காட்டினேன், விஷயம் முடிந்தது. கத்தி வைக்காததில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது. விமானத்தில் போகிறவர்கள் மட்டும் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிற அண்ணன் தனக்கும் ஒன்று கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்து, அறுகோணத் துளை தனக்கு எதற்கும் ஆகாது, பட்டையில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலைத் தூக்கி இழுக்கவும் சிரட்டையின் அடியைச் சுரண்டவும் ஒரு வளைந்த மூக்குத்தான் வேண்டும் என்றார். நோட்டெல்லாம் எழுத மாட்டாராம், வாயால் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன். நீளம் 80, மூக்கின் வளைவு அவருடைய சிரட்டையின் உள்வளைவு. அதன் பிளைவுட் துண்டு இன்றைக்கு நாலாவது நாளாக அவர் மடியில் கிடக்கிறது.